சாக்கேயை ஜோடியாகச் சுவைப்போம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானின் அரிசி மதுவான சாக்கேயைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். நான் ஹிரோஷிமா மாகாணத்தில் வசிப்பவன் என்று தெரிந்ததும் ஊரிலிருந்து வரும் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இதில் எது உசத்தி?" என்பதுதான். பதிலும் அவர்களிடமே இருக்கும். அரிசியை எவ்வளவுக்கு எவ்வளவு தீட்டியிருக்கிறார்களோ அவ்வளவுக்கு அவ்வளவு உசத்தி. பாட்டிலின் பின்பக்கச் சீட்டில் அந்த அளவு சதவீதமாக அச்சிடப்பட்டிருப்பதால், பரீட்சை மதிப்பெண் போலத் தோன்றிவிடுகிறது. அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவர்களுக்குச் சாக்கேயின் பாதிச் சுவை கிடைக்காமலே போகிறது. எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

அந்த எண் எதைச் சொல்கிறது? தீட்டிய பிறகு மணியில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை. சாக்கே காய்ச்சவென்றே தனி நெல் ரகங்கள் இருக்கின்றன. அவற்றில் பெயர்பெற்றது, ஹியோகோ மாகாணத்தில் உருவாகி 1936இல் பெயர் சூட்டப்பட்ட யமதா நிஷிகி. மணி பருமனாக இருக்கும்; நடுவில் வெள்ளை வெளேரென்று மாவுக்கரு தெரியும். புரதமும் கொழுப்பும் மணியின் வெளிப்பகுதியில்தான் அதிகம். அதைத் தீட்டி எடுக்க எடுக்க மது லேசாகும். மணியில் 60 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சும்படி தீட்டியது கின்ஜோ. 50 சதவீதம் அல்லது அதற்கும் கீழே என்றால் தைகின்ஜோ. யமகுச்சி மாகாணத்தின் தஸ்ஸாய் என்ற சாக்கே 23 சதவீதம் மட்டுமே மிஞ்சும்வரை தீட்டிப் புகழ்பெற்றது. இவற்றில் வரும் ஆப்பிள் வாசனையும் வாழைப்பழ வாசனையும் குளிரில் மெதுவாக வேலை செய்யும் ஈஸ்ட் உண்டாக்குபவை. மிக அழகான வாசனைகள், மறுக்கவில்லை. 1911 முதல் நடந்துவரும் தேசியப் புதுச் சாக்கேப் போட்டிக்கும் பெரும்பாலும் தைகின்ஜோக்களையே அனுப்புகிறார்கள். அதனால் அதுதான் உச்சம் என்ற எண்ணம் ஊறிவிட்டது.

ஆனால் ஒரு தைகின்ஜோவைத் தனியாகக் குடித்தால் 'நன்றாக இருக்கிறது' என்பதற்கு மேல் நமக்கு ஒன்றும் பிடிபடாது. இரண்டு கோப்பைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு விஷயம்தான் மாறியிருக்க வேண்டும். அப்போதுதான் நாக்குக்குப் பிடி கிடைக்கும்.

சாக்கே வரலாற்றிலேயே இதற்கு ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. கோபே நகரத்தை ஒட்டிய நாடா பகுதியில் 1840 வாக்கில் யமமுரா தஸாயெமோன் என்ற சாக்கே வணிகர் இருந்தார். அவருக்கு உவோசாகியில் ஒரு ஆலை, நிஷினோமியாவில் ஒரு ஆலை. நிஷினோமியாச் சாக்கே எப்போதும் ஒரு படி மேலாகவே வந்தது. காரணம் தெரிய வேண்டுமென்று அரிசியை ஒன்றாக்கிப் பார்த்தார், வித்தியாசம் போகவில்லை. காய்ச்சும் ஆட்களை இடம் மாற்றினார், அப்போதும் போகவில்லை. கடைசியில் நிஷினோமியாக் கிணற்றுத் தண்ணீரையே உவோசாகிக்குக் கொண்டுபோய்க் காய்ச்சினார். சாக்கே தேறிவிட்டது. மியமிஸு என்று இன்றும் பெயர் சொல்லும் தண்ணீர் அது. கடினநீர், பாஸ்பேட்டும் பொட்டாசியமும் நிறைய, இரும்பு மிகக் குறைவு. ஈஸ்டுக்குத் தெம்பு தரும், மது விறைப்பாக வரும். இரும்பு இருந்தால் சாக்கேயின் நிறமும் கெடும், வாசனையும் கெடும். வேதியியல் பாடம் படிக்காத ஒரு வணிகர், ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தே இதைக் கண்டுபிடித்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

எங்கள் ஹிரோஷிமாவின் கதை இதற்கு நேர் எதிர். இங்கே பல இடங்களில் மென்னீர். நாடாவின் முறையை அப்படியே எடுத்தால் நொதித்தல் சரியாக நடக்காமல் தொட்டி தொட்டியாகக் கெடும். அகித்ஸு என்ற ஊரைச் சேர்ந்த மியுரா சென்ஸபுரோ, அரிசியில் கோஜிப் பூஞ்சையை நன்றாக வளர்த்து, குறைந்த வெப்பத்தில் நிதானமாகப் புளிக்க வைக்கும் முறையை வகுத்து 1898இல் வெளியிட்டார். பின்னாளில் கின்ஜோ பிறந்ததற்கு அந்த நிதானம் ஒரு முக்கியக் காரணம். சைஜோ நகரத்துக்கு வந்தால் செங்கல் புகைபோக்கிகள் நிற்கும் தெருவில் ஆலைகளின் கிணற்றுத் தண்ணீரையே பிடித்துக் குடித்துப் பார்க்கலாம். முதலில் தண்ணீர், பிறகு அதே தண்ணீரில் காய்ச்சிய சாக்கே. யார் வந்தாலும் நான் இந்த வரிசையில்தான் சுவைக்கச் சொல்வேன்.

சுவைக்கும் கோப்பையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைப் பீங்கான், உள்ளே அடியில் இரண்டு நீல வளையங்கள். வெள்ளையின் மேல் நிறம் தெரியும்: இளமஞ்சளா, பச்சை கலந்ததா என்று. நீல வளையத்தின் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் மது தெளிவு. மங்கினால் எங்கோ கலங்கல். பிறகு முகர வேண்டும். ஒரு சிறு கரண்டி அளவு வாயில் எடுத்து, கூடவே காற்றையும் உறிஞ்சி, நாக்கின் மேல் உருட்டி, மூக்கு வழியாக மூச்சை விட வேண்டும். முகர்ந்தபோது வராத வாசனை அந்த மூச்சில் வரும். தொழில்முறையில் சுவைப்பவர்கள் அதன்பின் துப்பிவிடுவார்கள். வீட்டில் சுவைப்பவர்கள் பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். சாக்கே 15, 16 சதவீத ஆல்கஹால் உள்ளது. பீர் மாதிரி நினைத்துக் குடிக்கிற பானம் இல்லை.

அந்தச் சதவீதம் எப்படி வருகிறது? ஆவியில் வெந்த அரிசியில் கோஜி என்ற பூஞ்சையை வளர்க்கிறார்கள். அது மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். அதே தொட்டியில் அதே நேரத்தில் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை ஆல்கஹாலாக்கும். சர்க்கரை ஒரே மூச்சில் குவியாமல் வரவரச் செலவாவதால் ஈஸ்ட் களைப்பதில்லை; வடிக்காமலே 20 சதவீதம் வரை ஏறிவிடும். கோஜியை வைத்துச் செய்யும் இந்தக் கைத்திறனை 2024இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நான் அதிகம் பரிந்துரைக்கும் ஜோடி, ஈஸ்டை முதலில் பெருக்கிக்கொள்ளும் தாய்க்கலவையை மாற்றிப் பார்ப்பது. பழைய முறையான கிமோதோவில், லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் தாமாக வந்து குடியேறும்வரை காத்திருக்க வேண்டும்; ஏறத்தாழ நான்கு வாரம். அரிசியைக் கழியால் நசுக்கும் கடும் வேலையும் உண்டு. 1909இல் அந்த நசுக்கலை விட்டுவிட்ட யமஹாய் முறை வந்தது. மறு ஆண்டே லாக்டிக் அமிலத்தை நேரடியாகச் சேர்க்கும் விரைவு முறை வந்து, வேலை பாதிக் காலத்தில் முடிந்தது. இன்றைய சாக்கேயில் மிகப் பெரும்பங்கு விரைவு முறைதான். ஆல்கஹால் தனியாகச் சேர்க்காத சாக்கேக்கு ஜுன்மாய் என்று பெயர்; ஒரே ஆலையின் விரைவு முறை ஜுன்மாயையும் யமஹாய் ஜுன்மாயையும் வாங்கி வையுங்கள். முதலாவது வழுக்கிக்கொண்டு இறங்கும். இரண்டாவதில் புளித்த மோரின் சாயல் அடிநாக்கில் நிற்கும், தானிய வாசனை வரும், விழுங்கிய பிறகும் சுவை நகராது. தீட்டிய சதவீதம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். சீட்டில் உள்ள எண் சொல்லாத எவ்வளவோ அந்த இரண்டாவது கோப்பையில் இருக்கிறது.

ஜுன்மாய் என்றால் அரிசியும் கோஜியும் தண்ணீரும் மட்டும். மற்ற வகைகளில் வடித்த ஆல்கஹால் கொஞ்சம் சேர்ப்பார்கள். அதைக் கலப்படம் என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். போர்க்காலத்திலும் அதற்குப் பின்னும் அரிசி இல்லாமல் ஆல்கஹாலும் குளுக்கோஸும் சேர்த்து மும்மடங்காகப் பெருக்கிய சாக்கே ஏற்படுத்திய கெட்ட பெயர் அது. ஹொன்ஜோஸோ என்ற தரமான வகையிலும் கின்ஜோவிலும் சேர்ப்பது சிறு அளவு. வாசனையைக் கசடிலிருந்து பிரித்து மதுவுக்குள் கொண்டுவர அது உதவுகிறது. குடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வெள்ளையாகக் கலங்கிய நிகோரி, சூடாக்கிக் கிருமி நீக்காத நாமா, ஆண்டுக்கணக்கில் முதிர்ந்து பழுப்பேறிய கோஷு எல்லாம் தனித்தனி உலகங்கள். நாமா வாங்கினால் குளிர்பெட்டியை விட்டு எடுக்காதீர்கள் என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

கடைசி ஜோடிக்கு ஒரே பாட்டில் போதும். யமஹாய் ஜுன்மாய், 720 மில்லி. ஜப்பானில் இரண்டாயிரம் யென்னுக்குள்ளேயே நல்லது கிடைக்கும். ஒரு கோப்பையைக் குளிர்ந்தபடி வையுங்கள். இன்னொரு பங்கைச் சின்னப் பீங்கான் குடுவையில் ஊற்றி, அடுப்பை அணைத்த வெந்நீரில் கழுத்தளவு இறக்குங்கள். 45 டிகிரி வந்ததும் எடுத்துவிடுங்கள். லாக்டிக் அமிலமும் சக்சினிக் அமிலமும் சூட்டில்தான் இனிமையாகத் தெரியும். குளிரில் முறைத்துக்கொண்டு நிற்கும். குளிர்ந்த கோப்பையில் கரடாக இருந்த அதே புளிப்பு, சூடான கோப்பையில் உருண்டு திரண்டு அரிசியின் இனிப்போடு சேர்ந்துவிடும். பக்கத்தில் சுட்ட மத்தி மீன் இருந்தால் இன்னும் நல்லது. தைகின்ஜோவை இப்படிச் சூடாக்காதீர்கள், காசு கொடுத்து வாங்கிய வாசனை ஆவியோடு போய்விடும்.

நன்றி, வணக்கம்.