மூன்று மணிக்கு நின்றுபோன மாடுகள்

வணக்கம். மாடு வளர்ப்பைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். தீவனம், பால், விலை எல்லாம் இன்னொரு நாள் பார்க்கலாம். இன்றைக்கு வேலியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். மேய்ச்சல் நிலத்து வேலி இல்லை; மந்தையை உள்ளே கொண்டுவந்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, ஊசி போட்டு, வெளியே விடுகிறோமே, அந்தப் பட்டியும் சந்தும்.

எங்கள் வீட்டில் 'பட்டி' என்ற சொல் மாடு இல்லாத காலத்திலும் இருந்தது. தென்னாப்பிரிக்காவுக்குக் கரும்பு வெட்ட வந்த குடும்பம். பாட்டி டொங்காட்டில் கொல்லையில் இரண்டு பசு கட்டியிருந்தார், அதற்கும் பட்டிதான். ஜூலு அண்டைவீட்டார் இசிபாயா என்பார்கள், ஆப்பிரிக்கான்ஸ் பேசுபவர் கிரால் என்பார். நான் இப்போது மூயி ரிவர் பக்கம் அறுபது மாடு வைத்திருக்கிறேன், பாதி நிகுனி இனம், பாதி பொன்ஸ்மாரா இனம்.

நான் முதலில் கட்டிய பட்டி பார்க்க அழகாக இருந்தது. தைலமரத் தூண், மூன்று வரிக் கம்பி, நேர் கோட்டில் சந்து, கடைசியில் மாட்டை அசையாமல் பிடித்துவைக்கும் கிரஷ் கூண்டு. காலையில் வேலை செய்தால் மாடு தண்ணீர் மாதிரி ஓடும். பிற்பகல் மூன்று மணிக்கு அதே சந்தில், அதே இடத்தில், முதல் மாடு நின்றுவிடும். பின்னால் இருப்பவை அதன் மேல் ஏறும். நாங்கள் கத்துவோம், கம்பால் தட்டுவோம். ஒரு கிடேரி கம்பியைத் தாண்டப் பார்த்து மார்பைக் கிழித்துக்கொண்டது. 'மாட்டுக்குப் பிடிவாதம்' என்று நானும் சொன்னேன்.

எங்களிடம் பல வருடம் மேய்ப்பராக இருந்த ஒரு ஜூலு பெரியவர், நான் பாபா என்று கூப்பிடுவேன், ஒரு நாள் ஒன்றும் பேசாமல் சந்துக்குள் போய்க் குனிந்து மாட்டு உயரத்தில் நின்றார். கையைத் தரையில் காட்டினார். பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டி மேடையின் கால் நிழல் சந்தின் குறுக்கே கறுப்பாக விழுந்திருந்தது. காலையில் அது வேறு பக்கம் விழும். மூன்று மணிக்கு, மாட்டின் கண்ணுக்கு அது ஒரு பள்ளம்.

மாட்டுக்குக் கண் தலையின் இரு பக்கமும் இருக்கிறது. நேர் பின்னால் தவிர, ஏறக்குறையச் சுற்றிலும் பார்க்கும். ஆனால் ஆழம் தெரிய வேண்டுமானால் தலையைத் தாழ்த்தி நின்று பார்க்க வேண்டும். அதைத்தான் அந்த முதல் மாடு செய்தது. நாங்கள் அது பார்த்து முடிப்பதற்குள் அடித்துக்கொண்டிருந்தோம். அன்று சாயங்காலமே அந்தப் பக்கம் முழுக்கப் பழைய தகரம் அடித்தோம். தரை ஒரே நிழலானது. வெளியே நிற்கிற ஆளும் நாயும் தெரியாமல் போனது இன்னொரு லாபம்.

கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின் பல வருடமாகச் சொல்வதும் இதுதான்: பட்டியை மாட்டின் கண்ணால் பார். தொங்குகிற சங்கிலி, கம்பியில் மாட்டிய மழைக்கோட்டு, தேங்கிய தண்ணீரில் மினுங்கும் வெளிச்சம், ஏதாவது ஒன்று போதும், மந்தை நின்றுவிடும். வளைந்த சந்துகளுக்கு அவர் பெயர் பெற்றவர். மாடு வந்த வழியே திரும்பிப் போவதாக எண்ணிக்கொண்டு வளைவில் சுற்றும், முன்னால் இருக்கும் கிரஷும் தெரியாது. நல்ல யோசனைதான். ஆனால் அறுபது மாட்டுக்கு அந்தச் செலவு எனக்குத் தேவையில்லை என்று முடிவு செய்தேன்.

அதற்குப் பதில் வட அமெரிக்க மேய்ப்பர் பட் வில்லியம்ஸ் பெயரால் வழங்கும் 'பட் பெட்டி'. சுமார் நாலு மீட்டர் அகலம், ஏழெட்டு மீட்டர் நீளம் உள்ள ஒரு செவ்வகப் பட்டி. மாடுகள் உள்ளே வரும், எதிர்ச்சுவரில் முட்டும், வழியில்லை என்று வந்த பக்கமே திரும்பும். திரும்பும் இடத்தில் வந்த வாசல் மூடியிருக்கும், பக்கத்தில் சந்தின் வாய் திறந்திருக்கும். தள்ள வேண்டாம். நீங்கள் நிற்கும் இடம்தான் வேலையில் பாதி. அந்தப் பெட்டியில் பாதிக்கு மேல் மாடு அடைக்காதீர்கள் என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். நெருக்கினால் சீக்கிரம் முடியும் என்று நினைப்போம். இடமில்லாமல் எதுவும் திரும்பாது.

சந்தின் அகலத்தில் நான் ஏமாந்தேன். பெரிய மாட்டுக்கு 70 சென்டிமீட்டர் சரி என்று போட்டேன். பொன்ஸ்மாரா போகும். நிகுனி பசுவோ சிறியது, கன்று இன்னும் சிறியது. பால் மறக்கடிக்கிற நாளில் ஒரு கன்று நடுச்சந்தில் அப்படியே திரும்பிக்கொண்டது. பின்னால் வந்த தாய்க்கு நேருக்கு நேர். இரண்டும் மூக்கை மூக்கில் வைத்து நின்றன, பின்னால் பதினொன்று வரிசையில். கடைசி மாட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்வாங்க வைக்க ஒரு மணி நேரம் ஆனது. இப்போது சந்து அடியில் ஒடுங்கி மேலே விரிந்திருக்கிறது, அடி 40, மேல் 80 போல. கால் வைக்கிற இடம் குறுகினால் கன்று திரும்ப முடியாது, பசுவின் வயிறும் உரசாது.

சரி, பிரிக்கிற வேலைக்கு வருவோம். மூன்றரை மீட்டர் அகலச் சந்து, முடிவில் இரண்டு பட்டி, நடுவில் ஒரு கதவு, ஒரே ஆள். மாட்டின் தோள்தான் அளவு. தோளுக்குப் பின்னால் ஒரு எட்டு வைத்தால் அது முன்னே போகும், தோளுக்கு முன்னால் வைத்தால் நிற்கும். சினை மாடு இடது, விற்கிறது வலது. கதவை வீசி அடிக்கத் தேவையில்லை. பாபா 'கஹ்லே, கஹ்லே' என்று முனகிக்கொண்டே இதைச் செய்வார், அதாவது மெல்ல, பதமாக. அவர் கையில் கம்பு இருந்ததாகவே எனக்கு நினைவில்லை. ஆள் தப்பிக்க வேலியில் 40 சென்டிமீட்டர் இடைவெளி விடுவதை மட்டும் மறக்காதீர்கள். மாடு நுழையாது, நீங்கள் நுழைவீர்கள்.

இந்த மண்ணுக்குச் சந்து புதிதல்ல. 1896, 97 வெக்கை நோயில் மந்தைகள் அழிந்தன. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உண்ணியால் பரவும் கிழக்குக் கடற்கரைக் காய்ச்சல் வந்தது. அதன் பிறகுதான் ஊருக்கு ஊர் டிப் தொட்டி, அதாவது உண்ணியைக் கொல்ல மாட்டை மருந்துத் தண்ணீரில் முக்கும் தொட்டி. மாடு வரிசையில் போய்க் குதிக்க ஒரு சந்து வேண்டியிருந்தது. இப்போது கோமாரி. 2021 முதல் நம் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் விடாமல் வந்துகொண்டிருக்கிறது. ஊசி போட ஆள் வரும்போது நல்ல பட்டி இல்லாதவர் படும் பாட்டைப் பக்கத்துப் பண்ணையில் கண்ணால் பார்த்தேன். ஒரு நாள் முழுவதும் மாட்டைத் துரத்தினார்கள், பாதி ஊசியோடு ஆட்கள் திரும்பிப் போனார்கள்.

இன்னொன்று, சத்தம். இரும்புத் தாழ்ப்பாள் 'டங்' என்று விழுந்தால் சந்தில் பத்துத் தலையும் ஒன்றாகத் தூக்கும். நம்மைவிட மெல்லிய, கூர்மையான ஒலி அவற்றுக்குக் கேட்கும். பழைய டயரை வெட்டி ஒவ்வொரு கதவின் முட்டுகிற முனையிலும் ஆணியடித்தேன். இரண்டு கதவு இன்னும் பாக்கி. வருகிற புதன்கிழமை ஊசி போட வருகிறார்கள், இங்கிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் டயர் கடையில் வண்டியை நிறுத்த வேண்டும்.