தொலைக்காட்சியைத் திட்டியதற்கு ஒரு மன்னிப்புக் காணொளி

வணக்கம் நண்பர்களே. சென்ற காணொளியின் கடைசியில் மடிக்கணினித் திரை கம்பியில்லாமல் வரவில்லை என்று எங்கள் கூடத்துத் தொலைக்காட்சியை வாய்க்கு வந்தபடி நான் திட்டியதைப் பார்த்தவர்கள் இன்று என்னைத் தாராளமாகக் கேலி செய்யலாம். தொலைக்காட்சியின் மீது ஒரு குற்றமும் இல்லை. குற்றவாளி நானேதான், அதற்கு நான் கட்டிய அபராதம் 1,850 ரூபாய்.

தங்கையின் வளைகாப்புப் படங்கள் ஏறக்குறைய 1,400 என் மடிக்கணினிக்கு வந்து சேர்ந்தன. கைப்பேசித் திரையில் காட்டினால் அப்பத்தாவுக்கு எல்லா முகமும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்பதால், தொலைக்காட்சியில் காட்டுவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். மடிக்கணினியையும் தொலைக்காட்சியையும் இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் தீர்ந்ததே என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. கூடத்தின் குறுக்கே கிடந்த அந்தக் கேபிள் தடுக்கி, அப்பா காபித் தம்ளரோடு விழப் பார்த்த கதையை இந்தச் சேனலில் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்து தரையில் ஓடும் கேபிள் எதுவும் எனக்கு ஆகாது.

விண்டோஸ் பொத்தானையும் ஆங்கில 'கே' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால், கம்பியில்லாமல் படம் அனுப்பக்கூடிய திரைகளின் பட்டியல் வர வேண்டும். எனக்கு வந்ததோ ஒற்றை வாக்கியம்: இந்தச் சாதனம் மிராகாஸ்டை ஆதரிக்கவில்லை. மிராகாஸ்ட் என்பது திரையைக் கம்பியில்லாமல் அனுப்பும் முறை. இரண்டு வருடம்கூட ஆகாத மடிக்கணினியைப் பார்த்து இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? ரவுட்டரை நான்கு முறை அணைத்துப் போட்டேன். அது முழுக்க வீண் வேலை என்பது பிறகுதான் புரிந்தது.

அதே தொலைக்காட்சிக்கு என் கைப்பேசியிலிருந்து யூடியூப் காணொளிகள் ஒரு சிக்கலும் இல்லாமல் போய்க்கொண்டிருந்ததுதான் என்னைக் குழப்பியது. கைப்பேசியின் முழுத் திரையையும் அனுப்பிப் பார்த்தேன், அது போகவில்லை. மடிக்கணினியும் போகவில்லை, கைப்பேசித் திரையும் போகவில்லை என்றால் பழுது தொலைக்காட்சியில்தான் என்று முடிவுகட்டி, கேமராவுக்கு முன்னால் அமர்ந்து அதைத் திட்டித் தீர்த்தேன்.

கடைகளில் 'காஸ்ட்', 'மிரர்' என்ற இரண்டு சொற்களையும் ஒன்றுபோலவே புழங்குகிறார்கள், எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. யூடியூபில் மூலையில் இருக்கும் காஸ்ட் அடையாளத்தைத் தொட்டால் கைப்பேசி படத்தை அனுப்புவதே இல்லை. எந்தக் காணொளி வேண்டும் என்ற தகவலை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது, தொலைக்காட்சி தானே இணையத்திலிருந்து அதை இறக்கி ஓட்டுகிறது. அதனால்தான் காணொளி ஓடும்போதே கைப்பேசியில் வேறு வேலை பார்க்க முடிகிறது. கூகுள் 2013-இல் 35 டாலருக்குக் கொண்டுவந்த குரோம்காஸ்ட் இந்த முறையைத்தான் வீடுதோறும் பரப்பியது.

மிரர் செய்வது வேறு. திரையில் இருப்பதை நொடிக்குப் பல முறை படம்பிடித்து, சுருக்கி, காற்றுவழி அனுப்பி, தொலைக்காட்சியில் விரித்துக் காட்ட வேண்டும். வைஃபை கூட்டமைப்பு 2012-இல் அறிமுகம் செய்த மிராகாஸ்ட் இந்த வேலைக்கான பொதுமுறை. இதற்கு ரவுட்டர் தேவையில்லை. மடிக்கணினியின் வைஃபையும் தொலைக்காட்சியின் வைஃபையும் நேருக்கு நேர் பேசிக்கொள்கின்றன. சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் கூகுள் காஸ்ட் மட்டுமே உண்டு, மிராகாஸ்ட் கிடையாது. என்னுடையது அந்த வகை என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

இது தெரியாமல் கடைக்குப் போய், எச்டிஎம்ஐ துளையில் செருகும் மிராகாஸ்ட் டாங்கிள் ஒன்றை வாங்கினேன். விலை 2,200 என்று ஆரம்பித்தார்கள். கால் மணி நேரம் நின்று, இரண்டு முறை வாசல்வரை நடந்து, 1,850-க்கு இறக்கினேன். அந்த 350 ரூபாய் வெற்றியை வீடு வந்து சேரும்வரை மனத்துக்குள் கொண்டாடினேன். டாங்கிளைச் செருகினேன், திரையில் அதன் பெயர் வந்தது, மடிக்கணினியில் மறுபடியும் அதே வாக்கியம்: ஆதரிக்கவில்லை.

அப்போதுதான் சந்தேகம் மடிக்கணினியின் பக்கம் திரும்பியது. கமாண்ட் சன்னலைத் திறந்து 'நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ டிரைவர்ஸ்' என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடித்தால், கம்பியில்லாத் திரைக்கு அனுப்பும் வசதி உண்டா இல்லையா என்று ஒரு வரி வரும். எனக்கு அந்த வரியே வரவில்லை. இந்தக் கணினியில் வயர்லெஸ் இடைமுகமே கிடையாது என்றது.

பழைய பார்வையாளர்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். மூன்று காணொளிகளுக்கு முன்னால், இனி எனக்கு ரவுட்டரிலிருந்து கம்பிவழி இணையம் தரும் லேன் கேபிள்தான் ராஜா என்று பெருமையடித்து, மடிக்கணினி தானாக வைஃபைக்குத் தாவிவிடக் கூடாது என்பதற்காக விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில், வைஃபையை இயக்கும் பாகமான வைஃபை அடாப்டரையே முடக்கிக் காட்டினேனே, அதேதான். வாயைக் கட்டிப்போட்டுவிட்டு ஏன் பேசவில்லை என்று அதட்டியிருக்கிறேன்.

அடாப்டரை மீண்டும் இயக்கினேன். பட்டியலில் தொலைக்காட்சியின் பெயர் வந்தது, தொலைக்காட்சியில் தோன்றிய எண்ணை மடிக்கணினியில் அடித்தேன், படம் வந்துவிட்டது. சொல்ல மறந்துவிட்டேன், அதற்கு முன்னால் ரிமோட்டில் ஸ்கிரீன் மிரரிங் பகுதியைத் திறந்து வைக்க வேண்டும். எங்கள் தொலைக்காட்சியில் அதைத் திறக்காவிட்டால் பெயரே தென்படாது. லேன் கேபிளையும் நான் கழற்றவில்லை. இணையம் கம்பிவழி வருகிறது, வைஃபை முழுவதும் தொலைக்காட்சிக்கு மட்டும் உழைக்கிறது. ஆகவே லேன்தான் ராஜா என்று நான் சொன்னது இன்னும் செல்லும் என்பதைத் தாழ்மையுடன் பதிவு செய்கிறேன்.

சுட்டியை நகர்த்தினால் தொலைக்காட்சியில் அது ஒரு கணம் தாமதமாகத்தான் நகர்கிறது. படம்பிடித்துச் சுருக்கி விரிப்பதற்கு ஆகும் நேரம் அது, புகைப்படத்துக்கு ஒரு பொருட்டே இல்லை, விளையாட்டுக்கு உதவாது. கட்டணத் திரைப்படச் செயலிகள் சில, நகல் பாதுகாப்புக் காரணமாக மிரர் செய்யும்போது கறுப்புத் திரையை மட்டும் காட்டும். அதைப் பழுது என்று எண்ணி நீங்களும் கடைக்கு ஓட வேண்டாம்.

பென் டிரைவில் போட்டிருக்கலாமே என்று எழுதப்போகிறவர்களுக்கும் முன்கூட்டியே பதில்: போட்டுப் பார்த்தேன். நெட்டுவாக்கில் எடுத்த படங்களையெல்லாம் படுக்கவைத்துக் காட்டியது; கழுத்தைச் சாய்த்தபடி 1,400 படம் பார்க்க அப்பத்தாவைச் சொல்ல முடியாது. மடிக்கணினி வழியாக இரண்டு மாலைகளில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டார். வளையல் அடுக்கும் படத்தில் தன் தலை பாதி வெட்டுப்பட்டதற்கு மட்டும் இன்னும் கோபமாக இருக்கிறார்.

உறையைப் பிரித்துவிட்டதால் டாங்கிளைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. படுக்கையறையில் இருக்கும் பழைய தொலைக்காட்சியில் அதைச் செருகிவிட்டேன். நேற்று இரவு அப்பா தன் கைப்பேசியை எடுத்து, இரண்டே தொடுதலில் முழுத் திரையையும் அதில் கொண்டுவந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கைப்பேசியில் மிராகாஸ்ட் இருக்கிறது. அதை எடுத்து முதல் நாளே கூடத்துத் தொலைக்காட்சியில் சோதித்துப் பார்த்திருக்கலாம்.