இழுவை இருக்கட்டும், பிடிப்பு எப்படி?

நேயர்களுக்கு வணக்கம். பிக்கப் வண்டி வாங்கப் போகிற யாரும் கடையில் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "இழுவை எப்படிங்க?" விற்பவரும் அதற்குத் தயாராக இருப்பார். இத்தனை குதிரைத்திறன், இத்தனை டார்க், கோத்தகிரி ஏற்றத்தில் மூன்றாம் கியரிலேயே ஏறும் என்பார். மேட்டுப்பாளையத்திலிருந்து பாரத்தோடு மேலே வருபவருக்கு அது சரியான பதில். ஆனால் நம்மூர் வண்டியின் வேலை நேர் எதிர். கேரட், முட்டைக்கோஸ், உருளை எல்லாம் இங்கே விளைந்து கீழே போகிறது. பாரத்தோடு இறங்குகிறோம், பெரும்பாலும் காலியாகவோ அரைப் பாரத்தோடோ ஏறுகிறோம். அதனால் நீலகிரியில் வண்டி வாங்குபவர் கேட்க வேண்டியது இழுவையை அல்ல, பிடிப்பை. பாரத்தோடு இறங்கும்போது இந்த வண்டி தன்னைத்தானே எவ்வளவு பிடித்துக்கொள்ளும்? இன்றைய பேச்சில் இதையே நான்கைந்து முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு, காகிதம் பேனா வேண்டாம். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 325. இடையில் ஏறத்தாழ 1500 மீட்டர் இறக்கம். வண்டியும் பாரமும் சேர்ந்து 3 டன் என்று வையுங்கள். அந்த 3 டன் அவ்வளவு தூரம் கீழே இறங்கினால் வெளியாகிற சக்தி 12 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். இன்னும் எளிதாகச் சொன்னால், 130 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு. குளிர்காலத்தில் குளிக்க ஒரு வாளி வெந்நீர் போடுவதற்கே எவ்வளவு விறகு எரிகிறது என்று உங்களுக்குத் தெரியும். டயர் உராய்வும் காற்றும் அதில் கால் பங்கை எடுத்துக்கொண்டாலும், மீதி முழுவதும் ஒன்று என்ஜினுக்குள் போக வேண்டும், இல்லையென்றால் பிரேக்குக்குள் போக வேண்டும். மூன்றாவது இடம் கிடையாது. குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் பக்கம் முன்னால் போகிற லாரியிலிருந்து ஒரு கருகல் வாடை வருமே, அந்த வண்டியில் அத்தனை சூடும் உரசிப் பிடிக்கிற பிரேக் லைனிங்கில் போய்க்கொண்டிருக்கிறது.

சூடேறிய பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். மிதி கல் மாதிரி கடினமாக இருக்கிறது, அழுத்தி மிதித்தாலும் வண்டி நிற்கவில்லை என்றால் லைனிங் வெந்து வழுக்குகிறது. மிதி மெத்தை மாதிரி அடிவரை இறங்கினால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டிருக்கிறது. இந்த இரண்டாவதில் நம் மலைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்று டப்பாவில் போட்டிருக்கும் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை தாங்கும். ஈரம் ஏறிய பிறகு தரக்கட்டுப்பாடு அதனிடம் எதிர்பார்ப்பது 140 டிகிரிதான். டாட் 4-க்கு 230-ம் 155-ம். மூடுபனியும் இரண்டு பருவமழையும் உள்ள ஊரில் ஆயிலை மாற்றாமல் ஓட்டுவது சரியில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக வடித்துவிட்டு மாற்றுங்கள். புது வண்டிக்கு எது என்று மூடியிலேயே எழுதியிருக்கும்.

இதற்கு நம் கண்ணெதிரே ஒரு பாடம் தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் மலை ரயிலைத்தான் சொல்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இல் ஓடத் தொடங்கியது, 1908-இல் உதகையைத் தொட்டது. மலையடிவாரத்துக் கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல் சட்டம் பதித்த பாதை, 12 அடி போனால் ஓரடி ஏறுகிற செங்குத்து. அந்தப் பகுதியில் என்ஜின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். இரண்டு நேரத்திலும் பள்ளத்துப் பக்கம்தான். இறங்கும்போது நீராவியைக் கொண்டு ஓட்டுவதில்லை. சிலிண்டர்கள் காற்றை உள்ளே இழுத்து அழுத்த, அந்த அழுத்தமே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. அதாவது ஏற்றிய அதே என்ஜின்தான் இறக்குகிறது. இன்னொன்று: ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் கொடியோடு ஒரு பிரேக்மேன் நிற்பார். அவரவர் பெட்டிக்கு அவரவர் பிரேக். சுற்றுலா வந்தவர்கள் அதை அலங்காரம் என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். அது அலங்காரமல்ல. பாரம் எங்கே இருக்கிறதோ அங்கே பிரேக் இருக்க வேண்டும் என்பது நூற்றாண்டுக்கு முந்தைய பொறியாளர்களின் கணக்கு. அந்தப் பிரேக்மேனை நினைவில் வையுங்கள், டிரெய்லர் பற்றிப் பேசும்போது அவர் திரும்ப வருவார்.

சரி, கடைக்கு வருவோம். விளக்கத்தாளில் குதிரைத்திறனைத் தாண்டிக் கீழே போனால் இரண்டு எண்கள் இருக்கும்: முதல் கியர் விகிதம், பின் அச்சில் உள்ள கிரவுன் பினியன் விகிதம். இரண்டையும் பெருக்குங்கள். முதல் கியர் 4, பினியன் 4.5 என்றால் 18. அதாவது என்ஜின் 18 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. இந்த எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு மெதுவாக, அவ்வளவு இறுக்கமாக வண்டி இறங்கும். இரண்டாம் கியருக்கும் இதே பெருக்கலைப் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் மலையில் பாதி நேரம் நாம் இருப்பது இரண்டாம் கியரில். இரண்டு வண்டிகள் ஒரே விலை என்றால் எண் பெரிதாக உள்ளதை எடுங்கள். பார்வைக்கு நன்றாக இருக்கிறதென்று பிறகு பெரிய டயர் மாட்டினால் இந்தக் கணக்கு கெடும். சக்கரம் பெரிதானால் அதே சுற்றுக்கு வண்டி அதிக தூரம் ஓடும், பிடிப்பு குறையும்.

என்ஜினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டுகிற டர்போ இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். உதகை உயரத்தில் காற்று கடற்கரையில் உள்ளதைவிடச் சுமார் 20 விழுக்காடு லேசு. டர்போ இல்லாத என்ஜின் மூச்சில் ஐந்தில் ஒரு பங்கைக் கல்லாறில் விட்டுவிட்டுத்தான் மேலே வருகிறது. குட்டி யானை என்கிற சின்ன சரக்கு வண்டி வகையறாவில் பெட்ரோல், கேஸ் வண்டி பார்ப்பவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். உள்ளூரில் தேயிலை ஏற்ற, கடைக்குச் சரக்குப் போட அவை போதும். தினமும் ஒரு டன் கீழே இறக்க வேண்டுமென்றால் போதாது என்பது என் கருத்து. மின்சார வண்டியைப் பற்றி இப்போது நிறையப் பேர் விசாரிக்கிறார்கள். இறக்கத்தில் மோட்டாரே பிடித்து மின்கலத்தை நிரப்பும், நம் மலைக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் மேலேயே நூறு விழுக்காடு சார்ஜ் ஏற்றிவிட்டுக் கிளம்பினால் நிரப்ப இடமிருக்காது, மோட்டார் பிடிக்காது. எண்பதில் நிறுத்திவிட்டு இறங்குங்கள்.

அடுத்தது பாரக் கணக்கு. 1300 கிலோ வண்டி என்று சொல்லி விற்பார்கள். அந்த 1300 முழுவதும் சரக்கு அல்ல. ஓட்டுநர், கூட வருபவர் இருவர் 140 கிலோ. பின்னால் கம்பிக் கூண்டு கட்டினால் அது ஒரு 120 கிலோ. மிச்சம் 1040. மேட்டுப்பாளையம் மண்டிக் கணக்கில் 45 கிலோ உருளை மூட்டை என்றால் 23 மூட்டை. அவ்வளவுதான். கழுவிய கேரட்டை நீர் சொட்டச் சொட்ட ஏற்றினால் அந்தத் தண்ணீரும் பாரம்தான். வழக்கமாக முப்பது மூட்டை போகிறதென்றால் 1300 கிலோ வண்டியை வாங்கி முப்பது ஏற்றாதீர்கள், 1.7 டன் வண்டியை வாங்குங்கள்.

இங்கேதான் ஒரு பெரிய தவறு நடக்கிறது. வண்டி பின்னால் தாழ்கிறதென்று அச்சுக்கு மேல் பாரம் தாங்குகிற வில் பட்டை, அதாவது கமான் பட்டை இரண்டு சேர்க்கிறார்கள். வண்டி நிமிர்ந்து நிற்கும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் பட்டை சேர்த்ததால் அச்சு பலமாகவில்லை, பிரேக் பெரிதாகவில்லை. அதைவிட மோசம் ஒன்று உண்டு. பல பிக்கப்களில் பின் அச்சுக்கு மேலே, சட்டத்தோடு சேர்த்து ஒரு சின்ன வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பியோ சுருள்வில்லோ அச்சுக்கு இறங்கும். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் கம்பி நகரும், உடனே பின் சக்கரப் பிரேக்குக்கு அதிக அழுத்தம் போகும். காலி வண்டியென்றால் பின்பக்க அழுத்தத்தைக் குறைத்துவிடும், பின் சக்கரம் வழுக்காமலிருக்க. இப்போது பட்டை சேர்த்துவிட்டோம், ஒன்றரை டன் ஏற்றியும் வண்டி தாழவில்லை. வால்வு என்ன நினைக்கும்? வண்டி காலி என்று நினைக்கும். பின் பிரேக் பாதிதான் பிடிக்கும், எல்லாப் பளுவும் முன் டிஸ்க்குக்குப் போகும், பத்தாவது கொண்டை ஊசியில் முன்பக்கம் கருகும். பட்டறையில் பட்டை போட்ட கையோடு இந்தக் கம்பியை யாரும் சரிசெய்வதில்லை. பழைய வண்டி பார்க்கப் போனால் முதலில் குனிந்து இதைப் பாருங்கள். கம்பியைக் கழற்றிக் கட்டுக்கம்பியால் கட்டி வைத்திருந்தால் வேறு வண்டி பாருங்கள்.

ஓட்டிப் பார்ப்பதைக் காலி வண்டியில் செய்யாதீர்கள். அது மாப்பிள்ளையைப் புகைப்படத்தில் மட்டும் பார்ப்பது மாதிரி. ஒரு டன் மணல் மூட்டையோ உருளையோ ஏற்றிக்கொண்டு, நல்ல இறக்கத்தில் இரண்டாம் கியர் போட்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்தும் பிரேக்கிலிருந்தும் காலை எடுங்கள். கால் பிரேக் அருகிலேயே இருக்கட்டும். வேகம் 25 கிலோமீட்டருக்குள் தானாக நின்றுகொண்டால் நல்ல பிடிப்பு. முப்பதைத் தாண்டிக்கொண்டே போனால் அந்த வண்டி உங்கள் பிரேக் லைனிங்கைத்தான் தின்னும். பழைய வண்டியில் இதே சோதனையில் கியர் லீவர் தானாகக் குதித்து நியூட்ரலுக்கு வருகிறதா என்று கவனியுங்கள். ஏற்றத்தில் அது தெரியாது, இறக்கத்தில்தான் தெரியும். வந்தால் கியர்பெட்டி தேய்ந்திருக்கிறது. விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள், விட்டுவிடுங்கள்.

நியூட்ரல் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று இன்றும் நம்புகிறார்கள். வண்டி கியரிலேயே இருக்க, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் என்ஜினுக்குள் டீசல் போவதே நின்றுவிடுகிறது. சக்கரம்தான் என்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் என்ஜின் அணையாமலிருக்க டீசல் எரிந்துகொண்டே இருக்கும். ஆக மிச்சமும் இல்லை, பிடிப்பும் இல்லை. சாவியைத் திருப்பி அணைத்தே விடுகிறவர்களும் உண்டு. பிரேக் மிதியை லேசாக்குகிற வெற்றிடப் பம்ப் என்ஜினோடு சேர்ந்துதான் ஓடுகிறது. என்ஜின் நின்றால் இரண்டு மூன்று மிதிக்குத்தான் அந்த உதவி, பிறகு மிதி இறுகிப் போகும், ஸ்டியரிங்கும் இறுகும்.

நேரம் ஓடிவிட்டது. டிரெய்லருக்கு வருகிறேன். தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர், இப்போது விடுதிக்காரர்கள் சிலர் படுக்கை வசதியுள்ள சின்ன கேரவன் என்று பிக்கப்பின் பின்னால் மாட்ட நினைக்கிறார்கள். கொக்கியைப் பம்பரில் வெல்டிங் வைக்காதீர்கள், சட்டத்தில் போல்ட் போட்டுப் பொருத்துங்கள். டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் உட்கார வேண்டும். 600 கிலோ டிரெய்லருக்கு 60 கிலோ. அந்த அறுபதும் வண்டியின் பாரக் கணக்கில் சேரும். எடையை டிரெய்லரின் பின்பக்கம் ஏற்றினால் அது நாய் வால் மாதிரி ஆடும். கொக்கிக்குக் கீழே பாதுகாப்புச் சங்கிலி இரண்டைக் குறுக்காகப் போடுங்கள். இப்போது நம் பிரேக்மேன்: டிரெய்லருக்குத் தனிப் பிரேக் வேண்டும். டிரெய்லர் வண்டியைத் தள்ளும்போது தானாகப் பிடிக்கிற வகை சமவெளிக்குச் சரி. மலையில் இறங்கும் நேரம் முழுவதும் டிரெய்லர் வண்டியைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அந்தப் பிரேக்கும் விடாமல் உரசிக்கொண்டே வரும். ஓட்டுநர் கையால் கட்டுப்படுத்துகிற மின்பிரேக் வகை மேல். 36 கொண்டை ஊசி உள்ள கல்லட்டிப் பாதையில் டிரெய்லரே வேண்டாம்.

டயர், நான்கு சக்கர ஓட்டம் பற்றியெல்லாம் சொல்ல நினைத்திருந்தேன். கடிகாரம் விடவில்லை. ஆர்.சி.-யில் உள்ள மொத்த எடையைத் தாண்டினால் அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. 7500 கிலோவுக்குள் மொத்த எடை உள்ள சரக்கு வண்டிக்கு எல்.எம்.வி. எனும் இலகுரக வாகன உரிமமே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிப்பு விடும். ஓரங்கட்டி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து அரை மணி ஆறவிடுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள், பின்னால் பைக்கில் வருபவருக்குப் பனியில் அது தெரியாது. வணக்கம்.