பட்டாவில் 0 – 12.50 என்றால் எத்தனை சென்ட்?

[திரையில்: ஒரு பட்டா. பரப்பு என்ற கட்டம் மட்டும் பெரிதாகிறது: 0 – 12.50]

வணக்கம். இந்த எண்ணைப் பார்த்ததும் பன்னிரண்டரை சென்ட் என்றுதான் வாய் சொல்லும். ஆனால் நிலம் அதைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு பெரிது.

கட்டத்தின் தலைப்பைப் படியுங்கள். ஹெக்டேர் – ஏர் என்று இருக்கும். கோட்டுக்கு இடப்பக்கம் ஹெக்டேர், வலப்பக்கம் ஏர்ஸ். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் இடம், அதாவது 100 சதுர மீட்டர், ஒரு ஏர்ஸ். நூறு ஏர்ஸ் ஒரு ஹெக்டேர்.

பழைய பத்திரங்களிலோ ஏக்கர் – சென்ட். அங்கேயும் நூறு சென்ட்தான் ஒரு ஏக்கர். இரண்டுமே நூறில் ஏறுவதுதான் வம்பு. அடி, அங்குலம் மாதிரி ஒன்று பன்னிரண்டில் போயிருந்தால் யாரும் குழம்பியிருக்க மாட்டார்கள்.

[திரையில்: தரையில் நீட்டி வைத்த அளவுச் சங்கிலி]

17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எட்மண்ட் குண்டர் என்ற கணித அறிஞர் உருவாக்கிய சங்கிலி இது. நீளம் 66 அடி, அதில் 100 லிங்க்ஸ், அதாவது கண்ணிகள். ஒரு சங்கிலி நீளம், ஒரு சங்கிலி அகலம் உள்ள இடம் ஒரு சதுரச் சங்கிலி. பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். அப்படியானால் ஒரு சென்ட் சரியாக 1,000 சதுர லிங்க்ஸ். நீளத்தையும் அகலத்தையும் லிங்க்ஸில் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் சென்ட் வந்துவிடும். மெட்ரிக் வந்த பிறகுதான் கணக்கு எளிதானது என்பார்கள். நில அளவையைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான்.

1956-இல் மெட்ரிக் அளவுக்கான சட்டம் வந்தது. பட்டா ஹெக்டேருக்கு மாறியது. விலை பேசுகிறவர்கள் மட்டும் இன்னும் சென்டிலேயே இருக்கிறார்கள். ஒரே நிலம் பத்திரத்தில் ஒரு எண், பட்டாவில் வேறு எண்ணாக இருந்தால் உடனே பதறாதீர்கள். முதலில் அலகைப் பாருங்கள்.

[திரையில்: ஏர்ஸ் × 2.47 = சென்ட்]

சரி, கணக்குக்கு வருவோம். 12.50-ஐ 2.47-ஆல் பெருக்குங்கள். ஏறக்குறைய 30.9 சென்ட். பன்னிரண்டரை என்று நினைத்து விலை பேசியவர் பதினெட்டு சென்ட்டைச் சும்மா கொடுத்துவிடுவார். 0 – 40.50 என்று இருந்தால் அது ஒரு முழு ஏக்கர்.

சென்னைப் பக்கம் கிரவுண்டு என்பார்கள். அது 2,400 சதுர அடி, ஐந்தரை சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி.

தஞ்சாவூர்ப் பக்கம் போனால் பேச்சு மாவிலும் வேலியிலும் நடக்கும். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. குழி என்பது பன்னிரண்டு அடிக் கோலால் அளந்த சதுரம், 144 சதுர அடி. ஆக ஒரு மா 33 சென்ட், மூன்று மா கிட்டத்தட்ட ஓர் ஏக்கர். ஆனால் கோலின் நீளம் ஊருக்கு ஊர் மாறியது. அதனால் வேறு ஊரில் குழிக் கணக்கு சொன்னால், அங்கே ஒரு குழி எத்தனை சதுர அடி என்று கேட்டுவிட்டு, அப்புறம் முன்பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.