கோபுரத்த மட்டும் பாத்துட்டு தீர்ப்பு சொல்லாதீங்க

நடுவர் அவர்களுக்கும் எதிரணி நண்பர்களுக்கும் வணக்கம். காகசஸ் பக்கம் இருக்கற ஜார்ஜியா நாட்டு மலை மக்களோட பழைய சுயாட்சி நீதி குடுத்துச்சா, பகைய வளத்துச்சா? நீதிதான் குடுத்துச்சுன்னு பேச வந்திருக்கேன்.

எனக்கு முன்னாடி பேசினவர் அங்க ஸ்வானெத்திங்கற மலைப்பகுதில இருக்கற கல்கோபுரங்கள சொல்லி, வீட்டுக்கு வீடு கோபுரம் கட்டி ஒளிஞ்ச ஊர்ல என்னங்க நீதின்னு கேட்டார், கைதட்டலும் வாங்கினார். கொலைக்கு பதில் கொலைங்கற ரத்தப்பழி இருந்துச்சுங்க, நான் மறுக்கல. ஆனா அத நிறுத்தினது யாரு? சுதந்திர ஸ்வானெத்தின்னு சொல்ற பகுதில பிரபுவும் கிடையாது, போலீசும் கிடையாது. கொலை விழுந்தா ரெண்டு தரப்பும் சரிசமமா மத்தியஸ்தர்கள தேர்ந்தெடுக்கும், மோர்வல்னு சொல்வாங்க, அவங்க புனிதர் படத்து முன்னாடி சத்தியம் பண்ணிட்டு உக்காந்து பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வரணும், அந்த முடிவுக்கு கட்டுப்படறோம்னு ரெண்டு குடும்பமும் சத்தியம் பண்ணணும். ஊருக்குத் தலைவர் மக்வ்ஷி. அவரையும் ஊர்க்கூட்டம்தான் தேர்ந்தெடுக்கும், அப்பா இருந்தார்ங்கறதுக்காக மகன் வந்து உக்கார முடியாது.

இன்னும் கிழக்கால கெவ்சுரேத்திங்கற இன்னொரு மலைப்பகுதிக்கு வாங்க. கத்திச் சண்டைல ஒருத்தன் முகத்துல வெட்டு விழுந்தா என்ன பண்ணுவாங்க தெரியுமா? காயத்து மேல தானிய மணிய ஒவ்வொண்ணா வரிசையா அடுக்கி எண்ணுவாங்க, எத்தன மணியோ அதுக்குத் தகுந்த மாதிரி மாடு குடுத்து ஈடு கட்டணும். பதிலுக்கு வெட்டுன்னு போகாம, அளந்து தீத்துக்கோன்னு சொன்ன ஏற்பாடுங்க இது! சண்டை நடுவுல ஒரு பொண்ணு தலைத்துணிய எடுத்து வீசினா வாள் அப்படியே நிக்கணும்னு வழக்கம் வேற. அதே கெவ்சுரேத்தில பொண்ணுங்கள சாமி இடத்துக்குப் பக்கத்துல விடல, அது அநியாயம்தான், அத நான் மழுப்ப மாட்டேன்.

சரி, மேல இருந்து வந்த அரசாங்கம் என்ன குடுத்துச்சு? 1876ல எதிர்த்து நின்ன ஹால்டேங்கற ஸ்வானெத்தி கிராமத்தையே ரஷ்யாவ ஆண்ட ஜார் மன்னரோட படை அழிச்சுது. 1950கள்ல சோவியத் அரசு கெவ்சுர் மக்கள மலைய விட்டு சமவெளிக்கு இறக்குச்சு. இதுல பகைய வளத்தது யாருங்க?

சோவியத் கோர்ட்டு இருந்த காலத்துலயும் ஸ்வானெத்தி குடும்பங்க கமுக்கமா மத்தியஸ்தர்கிட்ட போனாங்க. கோர்ட்டு ஆள ஜெயிலுக்கு அனுப்பும், அவ்ளோதான், வெளில வந்தப்புறம் அந்த ரெண்டு குடும்பமும் அதே பள்ளத்தாக்குல மூஞ்சிய பாத்துக்கிட்டுத்தான வாழணும், அதுக்கு எந்த ஜட்ஜ் வழி சொன்னார்? எதிரணில அடுத்து பேச வர்றவர் இதுக்கு மொதல்ல பதில் சொல்லட்டும், அப்புறம் கோபுரத்துக்கு வரட்டும். நன்றி, வணக்கம்.