ரிபப்ளிகன் ஆறு ஏன் வற்றுகிறது?

[காட்சி: மேலிருந்து புல்வெளி, நடுவே மரங்கள் ஒரே வரிசையாக]

வணக்கம். இது அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், யூமா கவுன்ட்டி. கொலராடோ என்றதும் பனிமலைதான் ஞாபகம் வரும். இந்தப் பக்கம் மலையே கிடையாது. அரிக்கரீ என்ற சிற்றாறு இங்கிருந்து கான்சாஸுக்குள் நுழையும் இடம்தான் மாநிலத்திலேயே மிகத் தாழ்வானது. அதுவே கடல் மட்டத்துக்கு 1,011 மீட்டர் மேலே!

பார்க்கத் தட்டையான தரை, ஆனால் கிழக்கே மெல்லச் சரிகிறது. ராக்கி மலையிலிருந்து பழைய ஆறுகள் அடித்துவந்த மணலும் சரளையும் பல லட்சம் ஆண்டுகள் படிந்து உருவானது. அந்த மணலுக்குள் நிற்கும் தண்ணீர்தான் ஒகல்லாலா நிலத்தடி நீர். 8 மாநிலங்களுக்கு அடியில் பரவிக் கிடக்கிறது.

[காட்சி: மரநிழலில் மெலிந்த நீரோட்டம்]

இங்கேதான் கவனிக்க வேண்டும். அரிக்கரீயும் ரிபப்ளிகன் ஆற்றின் மற்ற கிளைகளும் மலைப்பனி உருகி வருபவை அல்ல. மழை இல்லாத நாளிலும் அவை ஓடுவது நிலத்தடி நீர் ஊறிக் கசிவதால்தான். அதனால் பல கிலோமீட்டர் தள்ளி, மக்காச்சோள வயலில் மோட்டார் ஓடினாலும் ஆற்றில் நீர் குறையும். உடனே தெரியாது, ஆண்டுகள் கழித்தே தெரியும்.

[காட்சி: பச்சை வட்டங்களாக வயல்கள்]

இந்த வட்டங்களைப் பாருங்கள். நடுவில் கிணறு, அதைச் சுற்றிவந்து தண்ணீர் தெளிக்கும் நீண்ட குழாய். ஃப்ராங்க் ஸைபக் என்ற கொலராடோ விவசாயி 1952-ல் காப்புரிமை பெற்ற முறை. ஒரு வட்டம் சுமார் 130 ஏக்கர்.

1935 மே கடைசியில் இதே ரிபப்ளிகன் ஆறு பெருக்கெடுத்து 100-க்கும் மேற்பட்டோரைப் பலிவாங்கியது. அதன் பிறகு அணைகள் வந்தன. தென்கிளையில் எழுந்தது பானி அணை. அதன் ஏரியில் படகு விட்டார்கள், மீன் பிடித்தார்கள்.

சரி, அந்த ஏரி எங்கே? 1942 ஒப்பந்தப்படி இந்த ஆற்று நீரை கொலராடோ, நெப்ராஸ்கா, கான்சாஸ் மூன்றும் பகிர வேண்டும். 2002-ல் ஏற்பட்ட உடன்பாடு, கிணறுகள் ஆற்றிலிருந்து இழுக்கும் நீரையும் கணக்கில் சேர்த்தது. கொலராடோ தன் பங்குக்கு மேல் எடுத்திருந்தது. ஏரியிலிருந்து ஆவியாகும் நீரும் அதன் கணக்கில்தான் ஏறியது. 2011-ல் ஏரியையே திறந்துவிட்டு வடித்தார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இது.

அதுவும் போதவில்லை. பாசனக் கிணறுகளை விலைக்கு வாங்கி, அந்த நீரைக் குழாயில் கொண்டுபோய் வடகிளை ஆற்றில் விடுகிறார்கள். அப்புறம், 2029-க்குள் தென்கிளைப் பகுதியில் 25,000 ஏக்கர் பாசனத்தை நிறுத்தவும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

[காட்சி: நிற்கும் பாசனக் குழாய், பின்னால் காய்ந்த புல்]