அந்தக் காலத்து ரயில் சொகுசா, இடிஎஸ் மின்சார ரயில் சொகுசா? யாரும் கேட்காத ஒரு கேள்வி!

[திரையில்: கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளை விரிப்பு போட்ட மேசைகளுடன் பழைய ரயில் சாப்பாட்டுப் பெட்டி]

இந்த மாதிரிப் படங்களை ஃபேஸ்புக்கில் நிறையப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை விரிப்பு, பளபளக்கும் கரண்டி, பக்கத்தில் சீருடையில் ஒரு பணியாளர். கீழே எல்லாரும் "அந்தக் காலத்து ரயில் மாதிரி வருமா" என்று பெருமூச்சு விட்டிருப்பார்கள். நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிடுபவர்களில் நம் தமிழ் ஆள் எத்தனை பேர்?

நம் ஆட்களும் அதே ரயிலில்தான் இருந்தார்கள். நாலு பெட்டி தள்ளி, மூன்றாம் வகுப்பில், மரப்பலகையில்.

வணக்கம் மக்களே! ரயில் பயணம் முன்பைவிட வசதியாகிவிட்டதா, கெட்டுவிட்டதா? நம் மலேசியாவில் கோலாலம்பூரிலிருந்து பினாங்குத் தீவுக்கு எதிரே உள்ள பட்டர்வொர்த் வரை போகும் பாதையை வைத்து இன்றைக்கு இதைப் பார்த்துவிடலாம். எனக்கு இதில் உறுதியான கருத்து ஒன்று இருக்கிறது. கடைசிவரை இருங்கள்.

முதலில் வரலாறு, வேகமாக. 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை முதல் ரயில். 1903இல் பட்டர்வொர்த் பக்கத்தில் உள்ள பிறை என்ற ஊரிலிருந்து சிரம்பான் வரை ஒரே தொடர் பாதை. 1909இல் அது ஜோகூர் பாரு வரை நீண்டது. பாதை போட்டதிலும் பராமரித்ததிலும் பெரும்பங்கு தமிழர்களுடையது. தண்டவாளத்தில் சுத்தியலோடு நின்றவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். ஸ்டேஷன் மாஸ்டராகவும் கிளார்க்காகவும் இருந்தவர்களில் யாழ்ப்பாணத்தார் அதிகம். கோலாலம்பூரில் ரயில்வேக்காரர்கள் வாழ்ந்த பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கம் குடும்பம் உள்ளவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சரி, வரலாறு போதும். ரயிலில் ஏறுவோம்.

[திரையில்: பழைய ஸ்டேஷனின் தாழ்வான நடைமேடை]

"ஏறுவோம்" என்று சும்மா சொல்லவில்லை. உண்மையாகவே ஏற வேண்டியிருந்தது. பழைய நடைமேடை தரையோடு தரையாக இருக்கும், பெட்டியின் கதவு இடுப்புக்கு மேலே. நடுவில் செங்குத்தாக இரும்புப் படி. சேலை கட்டிய ஒரு பாட்டி ஒரு கையில் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து, இன்னொரு கையில் கம்பியைப் பிடித்து, மேலே இருந்து ஒருவர் இழுக்க, கீழே இருந்து ஒருவர் தாங்க, அப்புறம்தான் உள்ளே போக முடியும். இப்போது இடிஎஸ் நிற்கும் இடங்களில் நடைமேடையும் பெட்டியின் தரையும் கிட்டத்தட்ட ஒரே உயரம். பாட்டி தானாக நடந்து உள்ளே போகிறார். சக்கர நாற்காலியும் போகிறது. ரயில் வசதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இருக்கையைப் பார்க்கிறார்கள், ஜன்னலைப் பார்க்கிறார்கள், இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இத்தனை வருடங்களில் நடந்த பெரிய முன்னேற்றங்களில் இதுதான் முதல்.

உள்ளே வந்துவிட்டோம். நீராவி எஞ்சின் காலத்தில் ஜன்னலைத் திறந்தால் கரித்தூள், மூடினால் புழுக்கம். எஞ்சினுக்கு ரொம்ப காலம் சிலாங்கூரின் பத்து ஆராங் சுரங்கத்து நிலக்கரிதான். வெள்ளை வேட்டியோடு ஏறியவர் இறங்கும்போது அது வெள்ளையாக இருக்காது. அப்புறம் டீசல் வந்தது, கரி போனது, மின்விசிறியும் திறந்த ஜன்னலும் மிஞ்சின. அந்தக் காலம் பலருக்கும் இனிக்கிறது, எனக்கும் புரிகிறது.

குலுங்கல் எப்படிக் குறைந்தது? பழைய தண்டவாளம் துண்டு துண்டாக இருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் ஒரு தட்டுத் தட்டும், அதுதான் அந்தத் தடக் தடக். இப்போது நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம், கீழே கான்கிரீட் கட்டைகள். இன்னொன்று, அப்போது முன்னால் ஒரே எஞ்சின் மொத்த ரயிலையும் இழுக்கும். கிளம்பும்போது அந்த இழுப்பு பெட்டி பெட்டியாகப் பின்னால் வந்து நம்மை ஓர் உலுக்கு உலுக்கும். இடிஎஸ்ஸில் மோட்டார்கள் பல பெட்டிகளின் அடியில் பிரிந்து இருக்கின்றன. அதனால்தான் ரயில் கிளம்பியதே தெரிவதில்லை, 140 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் காப்பி சிந்துவதில்லை.

குறை இல்லையா? இருக்கிறது! ஏர்கோன் குளிர். பாதிப் பேர் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இருக்கைகள் திரும்பாது. ஜப்பானின் ஷிங்கான்சென்னில் கடைசி நிலையம் வந்ததும் இருக்கைகளை அப்படியே திருப்பிவிடுகிறார்கள். அதற்கு இருக்கைகளுக்கு நடுவே இடம் வேண்டும், அங்கே சாதாரண வகுப்பிலேயே ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் 1040 மில்லிமீட்டர் விடுகிறார்கள். தலைசுற்றல் உள்ளவர்களுக்குப் பின்பக்கம் பார்த்து உட்காருவது சின்ன விஷயம் இல்லை.

[திரையில்: இரவு ரயிலின் படுக்கைப் பெட்டி, இரண்டு பக்கமும் திரைச்சீலை]

இப்போது நான் மனதார ஏங்கும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். இரவு ரயில்!

இந்தியாவில் ரயிலில் போனவர்களுக்கு அங்குள்ள படுக்கைப் பெட்டி தெரியும். பெரும்பாலான படுக்கைகள் குறுக்குவாட்டில் இருக்கும். எதிரே ஒருவர், மேலே ஒருவர், கால்மாட்டில் நடைவழி. வழியோரம் மட்டும் நீளவாக்கில் இரண்டு. நம் நாட்டுப் படுக்கைப் பெட்டியில் எல்லாமே நீளவாக்கில்தான். நடுவில் வழி, இரண்டு பக்கமும் மேலும் கீழுமாகப் படுக்கைகள். இந்தியாவின் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர், நம்முடையது 1000 மில்லிமீட்டர், பெட்டியும் அதற்கேற்ப ஒல்லி. ஆனால் அந்த ஒல்லிப் பெட்டியில் எவ்வளவு அழகாக இடம் பண்ணியிருந்தார்கள் பாருங்கள்! கீழ்ப் படுக்கை அகலம், ஜன்னலும் உண்டு, அதனால் விலை கொஞ்சம் கூட. மேல் படுக்கை குறுகல், சின்ன ஏணியில் ஏற வேண்டும், விலை குறைவு. ஒவ்வொன்றுக்கும் தனித் திரைச்சீலை, தலைமாட்டில் ஒரு குட்டி விளக்கு. திரையை இழுத்துவிட்டால் அது உங்கள் அறை. எதிரே யாரும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க மாட்டார்கள். தனியாகப் போகிற பெண்களுக்கு அந்தத் திரை எவ்வளவு பெரிய நிம்மதி என்று யோசியுங்கள். அப்புறம் நீளவாக்கில் படுப்பதில் இன்னொரு சுகம்: ரயில் பக்கவாட்டில் ஆடும்போது தொட்டிலில் போட்ட மாதிரி உடம்பு இடமும் வலமும் ஆடும். கோலாலம்பூரில் வேலை முடித்துவிட்டு இரவு ஏறினால் காலையில் பட்டர்வொர்த். ஃபெரி பிடித்துப் போய் ஜார்ஜ் டவுனில் பசியாறலாம். ஹோட்டல் செலவு மிச்சம்.

இந்த ரயிலைக் கொன்றது எது? வேகம்தான். ஈப்போவிலிருந்து தாய்லாந்து எல்லையில் உள்ள பாடாங் பெசார் வரை மின்சார இரட்டைப் பாதை, 329 கிலோமீட்டர், முடிந்தது. 2015இல் இடிஎஸ் அந்த வழியில் ஓடத் தொடங்கியது. முன்பு ஆறேழு மணி நேரம் எடுத்த பட்டர்வொர்த் பயணம் நாலு மணி நேரத்துக்கு வந்தது. இரவு பத்து மணிக்கு ஏறினால் இரண்டு மணிக்கு இறக்கிவிடுவார்கள், அதில் யார் தூங்குவது? மேற்குக் கரையில் படுக்கை ரயில்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின.

ஆனால் முழுசாகப் போய்விடவில்லை, இது பலருக்குத் தெரியாது! ஜோகூர் பாருவிலிருந்து கிளந்தானின் தும்பாட் வரை போகும் எக்ஸ்பிரஸ் ராக்யாட் தீமோரான் என்ற ரயிலில் இன்றும் படுக்கை உண்டு. கோலாலம்பூர்காரர்கள் இடிஎஸ்ஸில் கெமாஸ் வரை போய் அங்கே ஏறிக்கொள்ளலாம். பிள்ளைகளோடு ஒரு முறையாவது போய் வாருங்கள். கீழ்ப் படுக்கை வேண்டுமானால் சீக்கிரம் எடுத்துவிடுங்கள்.

இப்போது என் கருத்து. மூன்றாம் வகுப்பில் போன நம் தாத்தா பாட்டியின் இடத்திலிருந்து பார்த்தால் ரயில் பயணம் எவ்வளவோ உயர்ந்துவிட்டது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அன்றைக்கு மூன்றாம் வகுப்புக்குக் கிடைக்காத மெத்தை இருக்கையும் குளிர்ச்சியும் இன்றைக்கு டிக்கெட் வாங்கும் எல்லாருக்கும் கிடைக்கிறது. தூக்கம் ஒன்றைத்தான் நம்மிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அதைத் திருப்பித் தரவும் முடியும். மின்பாதை இப்போது ஜோகூர் பாரு வரை போய்விட்டது. ஜோகூர் பாருவிலிருந்து பட்டர்வொர்த்துக்குப் பகலில் போனால் ஒரு நாள் வேலை கெடும். இரவில் படுத்துக்கொண்டு போக அளவெடுத்த மாதிரி தூரம் அது. தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிறவர்கள், தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள், சிங்கப்பூரில் வேலை செய்யும் பினாங்கு, கெடா பக்கத்துப் பிள்ளைகள், இவர்கள் போதாதா ஒரு ரயிலை நிரப்ப?

அப்படி ஒரு ரயில் விட்டால் நீங்கள் எவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) கொடுப்பீர்கள்? கமெண்டில் தொகையை மட்டுமாவது எழுதுங்கள். உங்கள் வீட்டில் யாராவது ரயில்வேயில் வேலை செய்திருந்தால், அவர்களை உட்காரவைத்துப் பேசவிட்டு, பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள். மூன்றாம் வகுப்புப் பெட்டியின் பழைய படம் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.